அசையாமல் நின்ற முள்

சென்ற மாதம் ராவ் என்பவர் ஒரு துப்பாக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். இங்கே அந்தமான் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு பெயிண்ட் குண்டு விளையாட்டு நடத்துகிறவர். காற்றின் விசையால் சிறு வண்ண உருண்டையைச் சுடும் துப்பாக்கி அது. உருண்டை பட்ட இடத்தில் உடைந்து வண்ணம் தெறிக்கும்.

"அங்கிள், மொத குண்டு பயங்கர ஜோரா போவுது. குழாய்க்குள்ளயே ஒடையுது. அப்புறம் ரெண்டு மூணு சரியா போவுது. விடாம அடிச்சா அடுத்தது பாதி தூரத்துல தொப்புனு விழுது. மெயின்லாண்டுல கேட்டா புதுசு வாங்குங்கறான்."

"கொஞ்ச நேரம் சும்மா வெச்சிருந்து எடுத்தாத்தானே அந்த மொத குண்டு ஜோரா போகுது?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இன்னும் தொறந்தே பாக்கலியே அங்கிள். அந்தக் காலத்துலயே இந்த கேம் இருந்துதா?"

"கேம் இல்லை" என்றேன்.

அதற்கு மேல் அன்று நான் சொல்லவில்லை. நான் முன்பு வேலை பார்த்த பணிமனையில் இப்போது இருப்பவர்கள் பழைய அனுபவம் எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று பல நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எனவே இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு சில வருடங்கள் போர்ட் பிளேரில் ஒரு நாளிதழில் பிழை திருத்தினேன். கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் ஒரே வாக்கியத்தில் கலக்கக் கூடாது என்பது அங்கே கற்ற பாடம். இதிலும் கலக்கவில்லை.

கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையின் பணிமனையில் கம்ப்ரஸர் வேலை கற்றேன். கற்றது பெரும்பாலும் திட்டு வாங்கி. அந்தமானில் வனத்துறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அறுபதுகளின் கடைசியில் கப்பல் ஏறினேன். போர்ட் பிளேரில் சில ஆண்டுகள் இருந்தபின் லிட்டில் அந்தமானுக்கு அனுப்பினார்கள். அந்தத் தீவின் துறையான ஹட் பேயில் அப்போது கப்பல் கரைக்கு வராது. வெளியே நிற்கும், படகில் குதித்து இறங்க வேண்டும். குடியேறியவர்களுக்காகக் காடு திறந்துகொண்டிருந்த காலம். மரம் வெட்டும் முகாம் ஒன்றில் டீசல் எஞ்சினும், அதை உயிர்ப்பிக்கக் காற்று அடைக்கும் கம்ப்ரஸரும் என் பொறுப்பு.

முகாமின் ரேஞ்சர் தத்தா, வங்காளி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பணிமனைக்குள் வரும்போது பூட்ஸைக் கழற்றி வாசலில் ஜோடியாக வைப்பார். தரையில் எண்ணெய் இருக்கிறதே என்று ஒருமுறை சொன்னேன். "அதனால்தான்" என்றார். எண்ணெய் ஒட்டிய பூட்ஸோடு காட்டில் நடந்தால் வழுக்குமாம். யாராவது ஒரு விஷயத்தைச் சொல்லி முடித்தால், முகத்தைப் பார்த்தபடி ஒரே சொல் கேட்பார்: "ஆகே?" அப்புறம் என்று பொருள். அதற்கும் பதில் சொன்னால் மறுபடியும் "ஆகே?" சொல்ல வேறொன்றும் இல்லை என்ற இடம் வரும்வரை அவர் விடமாட்டார். அந்த இடத்தில்தான் உண்மையான பழுது இருக்கும் என்பது அவர் கட்சி. பல தடவை அது சரியாகவும் இருந்தது.

முகாமில் எனக்கு நெருக்கமானவர் சவரிமுத்து அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக் குடும்பம். கடலை விட்டுக் காட்டுக்கு வந்ததைப் பற்றி யார் கேட்டாலும், "அங்க மீனு ஓடும், இங்க மரம் நிக்கும். எனக்கு நிக்கிறதுதான் தோது" என்பார். வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளமிடுவது அவர் வேலை. காட்டுக்குள் அவரோடு ஒருமுறை போய், அதை எப்படிச் செய்கிறார் என்று பார்த்திருக்கிறேன்.

குர்ஜன் மரம் கோயில் தூண் போல நேராகப் போகும். அடியில் ஆள் உயரத்துக்குப் பலகை வேர்கள் விரிந்திருக்கும். அண்ணாச்சி அந்த வேர்களுக்கு நடுவே புகுந்து, கோடாரியைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்புறத்தால் மரத்தைத் தட்டுவார். சற்று மேலே ஒரு தட்டு. சுற்றி வந்து இன்னொரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் காதை மரத்தில் வைப்பார். உள்ளே திடமாக இருந்தால் சத்தம் உடனே செத்துவிடும். பொந்தாக இருந்தால் கொஞ்சம் தங்கும். பொந்து மரத்துக்குப் பெருக்கல் குறி வெட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். நல்ல மரம் என்றால் பட்டையைச் சீவி, இரும்பு முத்திரைச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார். அந்த முத்திரை விழுந்தால் வெட்டலாம்.

வெட்டுகிறவர்கள் ராஞ்சிப் பக்கத்து ஆட்கள். அவர்களில் மூத்தவன் சோம்ரா. ரம்பத்தோடு அவன் மரத்தை நெருங்கும்போது பள்ளத்திலிருந்தே குரல் கொடுப்பான்: "டோக்கா?" தட்டினாயா என்று கேட்கிறான். அண்ணாச்சி எங்கிருந்தாலும் திருப்பிக் கத்துவார்: "டோக்கா!" இந்தக் குரல் வந்தபின்தான் சோம்ரா பரண் கட்டி மேலே ஏறுவான். பலகை வேருக்கு மேலே நின்று அறுக்க வேண்டியிருப்பதால், பொந்து மரம் நினைத்த நேரத்துக்கு முன்பே முறிந்தால் குதிக்க இடம் இருக்காது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டை சீவுவதும் முத்திரை அடிப்பதும் விதிமுறையில் இருந்தன. தட்டிப் பார்ப்பது எதிலும் இல்லை. அது அந்த இரண்டு கூட்டத்துக்கும் இடையில் இருந்த பழக்கம். யாரும் அதை ஒரு வேலையாக நினைக்கவில்லை, அதைச் செய்துவந்த அண்ணாச்சி உட்பட.

ஒரு மழைக்காலத்தில் உருண்டு வந்த மரத்துண்டு அண்ணாச்சியின் வலது முழங்காலில் இடித்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் பழையபடி மடங்கவும் இல்லை. சேற்றில் இறங்கி வேர்களுக்கு நடுவே புகுந்து எழுவதற்குள் முழங்கால் பப்பாளி போல வீங்கிவிடும். அடையாளமிட்ட மரங்கள் குறைந்தன. அவரைப் போர்ட் பிளேருக்கு மாற்றி மரக்கிடங்கின் வாசலில் காவலுக்கு உட்கார வைக்கலாம் என்று மேலிடத்தில் பேச்சு வந்தது.

"கேட்டுல உக்காந்து வார லாரிக்கும் போற லாரிக்கும் சலாம் போடச் சொல்லுதாவ, தம்பி" என்றார் என்னிடம். "பிலோமி இப்பத்தான் வீட்டுக்குப் பின்னால மொளகாயும் கத்திரியும் போட்டு எடுக்கா. இந்த எடத்த விட்டுப் போன்னா அவ என்னை வெட்டிப் போட்டுருவா."

பிலோமி அவர் மனைவி. விளையாட்டாகச் சொன்னாலும் அவர் கண்ணில் விளையாட்டு இல்லை. காட்டு வேலை போனால் தனக்கென்று ஒன்றும் இல்லை என்று நினைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் துப்பாக்கி வந்தது. வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போய் வந்த ஓர் அதிகாரி கொண்டுவந்து, பரீட்சித்துப் பார்க்கச் சொல்லித் தத்தாவிடம் கொடுத்திருந்தார். அங்கே காட்டில் மரத்துக்கும் மேய்ச்சல் நிலத்தில் மாட்டுக்கும் இதனால்தான் அடையாளமிடுகிறார்களாம். மஞ்சள் எண்ணெய் வண்ணம் அடைத்த உருண்டைகள். சோடாப் புட்டியில் போடுவது போன்ற சிறு வாயுக் குப்பிகள். அந்தக் குப்பிகள் சீக்கிரம் தீர்ந்துபோயின. தீவில் அவை கிடைக்கவில்லை. தத்தா பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்து, "குப்பி இல்லை. காற்று இருக்கிறதே?" என்றார்.

கப்பலில் கழித்த சிறிய காற்று உருளை ஒன்றைப் போர்ட் பிளேருக்கு அனுப்பி, அழுத்தம் தாங்குமா என்று சோதித்து வாங்கினோம். வெல்டிங் செட்டிலிருந்த ரெகுலேட்டரைக் கழுவி அதில் பொருத்தினேன். உருளைக்குள் அடைந்திருக்கும் அதிக அழுத்தத்தைத் துப்பாக்கிக்கு வேண்டிய அளவாகக் குறைத்து, அந்த அளவிலேயே நிறுத்தி வைப்பதுதான் ரெகுலேட்டரின் வேலை. உருளையை முதுகில் மாட்டி, குழாயைத் துப்பாக்கியோடு இணைத்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன்.

முதல் நாள் அவர் யானை மரம் இழுக்கும் பாதையில் நின்று குறி பார்த்துச் சுட்டார். உருண்டை குழாய் முனையிலேயே வெடித்து, மீசையிலிருந்து சட்டை வரை மஞ்சளானார். பள்ளத்திலிருந்து சோம்ராவின் சிரிப்பு வந்தது.

"அரே சவரி! மரத்தோட ஹோலியா விளையாடுறே?"

அதன்பின் அந்தத் துப்பாக்கிக்கு முகாமில் ஹோலி என்றே பெயர். அண்ணாச்சி வீட்டுக்குப் போனால் பிலோமியும், "ஹோலிக்காரர் வந்துட்டாரு, அடுப்பத் தள்ளி வெய்யி" என்று யாரிடமோ சொல்வது போலச் சுவரிடம் சொல்வாராம். இது அண்ணாச்சி சொன்னது.

பழுது ஒரே மாதிரி இருந்திருந்தால் சுலபம். சில நேரம் அதிகம், சில நேரம் குறைவு. கொஞ்ச தூரம் நடந்துபோய்ச் சுட்டால் முதல் உருண்டை வெறி பிடித்தாற்போல் போகும். நின்ற இடத்தில் வரிசையாகச் சுட்டால் போகப் போக வலுவிழந்து, குறி வைத்த மரத்துக்கு முன்னால் இருக்கும் மரத்தின் காலடியில் விழும்.

தத்தா ஒரு நிபந்தனை போட்டார். இரண்டு சோதனைகளுக்கு இடையில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம். இரண்டைச் சேர்த்து மாற்றி, சரியாகிவிட்டது என்று வந்து நின்றால் அவர் பார்க்கமாட்டார். "எது சரி செய்தது என்று தெரியாவிட்டால், எது கெடுத்தது என்றும் உனக்குத் தெரியாது" என்றார். மரம் அறுக்கும் கொட்டகைச் சுவரில் பலகையைச் சாய்த்து, அவரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார்.

முதலில் உருண்டைகளைச் சந்தேகித்தேன். தீவின் ஈரத்தில் அவற்றின் மேல்தோல் ஊறி உப்பிக் குழாயில் இறுகுகிறது என்று நினைத்தேன். அண்ணாச்சி அவற்றைப் பால்பவுடர் டின்னில், வறுத்த அரிசியோடு போட்டு மூடி வைத்தார். இறுக்கம் போயிற்று. வெறி போகவில்லை.

"ஆகே?" என்றார் தத்தா.

ரெகுலேட்டருக்கும் துப்பாக்கிக்கும் நடுவில் அழுத்தம் காட்டும் கேஜ் ஒன்றைப் பொருத்தினேன். சுடாமல் சும்மா வைத்துவிட்டு அதன் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வைத்த இடத்தில் நிற்க வேண்டிய முள், ஜெட்டித் தூணில் கடல்நீர் ஏறுவது போல, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மேலே ஏறியது. நடந்து போகும் நேரத்தில் அழுத்தம் திருட்டுத்தனமாகக் கூடிக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. காற்று வரும் துளையை மூடும் சிறு வட்டுக்கு சீட் என்று பெயர். ரெகுலேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். சீட்டின் முகத்தில் துருத்துகள் ஒன்று பதிந்து, அதைச் சுற்றி மயிரிழை போல ஒரு கீறல் இருந்தது. மூடியிருக்கும்போதும் அந்தக் கீறல் வழியே காற்று கசிந்திருக்கிறது. படகின் பழைய நைலான் வளையம் ஒன்றைக் கடைந்து புதிய சீட் செய்து போட்டேன். முள் ஏறுவது நின்றது. முதல் குண்டின் வெறி அடங்கியது.

"ஆகே?"

வரிசையாகச் சுட்டால் வலுவிழப்பது அப்படியே இருந்தது. ஒவ்வொரு தடவையும் முள் கீழே இறங்கி, மேலே வரத் தாமதித்தது. காற்று வந்து சேரும் வழி குறுகியிருக்கிறது. ரெகுலேட்டரின் வாயிலிருந்த ஃபில்டரைக் கழற்றினேன். துருவும் எண்ணெயும் சேர்ந்து மண்டி போல அதை அடைத்திருந்தது. அதைக் கழுவிப் போட்டதும் முள் உடனுக்குடன் திரும்பியது. நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன்.

"ஆகே?" என்றார் தத்தா.

"சரியாகிவிட்டது சார்."

"துரு எங்கேயிருந்து வந்தது?"

திரும்பவும் உட்கார்ந்தேன். இங்கே காற்றில் பாதி தண்ணீர். அதை அழுத்தினால் தண்ணீர் பிரிந்து கம்ப்ரஸரின் தொட்டியில் தங்கும். தினமும் காலையில் நான் தொட்டியின் அடித் திருகைத் திறந்து அதை வடித்துவிடுவேன். ஆனால் உருளைக்குக் காற்று அடைத்தது, நாள் முழுதும் கம்ப்ரஸர் ஓடிய பிறகு, சாயங்காலத்தில். அப்போது தொட்டியில் மறுபடியும் தண்ணீர் சேர்ந்திருக்கும். அது உருளைக்குள் போய், உட்புறம் துருப் பிடித்து, துருத்துகள் சீட்டுக்கு வந்திருக்கிறது. உருளையைக் கவிழ்த்தபோது ஒரு கை கொள்ளும் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர் வந்தது. அதைச் சுத்தம் செய்து எஞ்சின் சுவரோரம் காயவைத்தேன். அடைப்பதற்கு முன் தொட்டியை வடிக்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். வழியில் நீர் தங்குவதற்குக் கீழ்நோக்கி ஒரு குழாய்த் துண்டும் வைத்தேன்.

அடுத்த சோதனையில் அண்ணாச்சி சுட்டுக்கொண்டே இருந்தார். பலகையில் ஒரே இடத்தில் மஞ்சள் மேல் மஞ்சளாக விழுந்தது. முள் ஒவ்வொரு முறையும் லேசாக நடுங்கி, அதே கோட்டில் அசையாமல் நின்றது. தத்தா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் "ஆகே?" என்று கேட்கவில்லை. என் வேலை வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதன்பின் கிடைக்கவில்லை.

"இனி மரத்துக்கிட்டப் போக வேண்டாம் சவரி. பாதையில் நின்றபடியே அடிக்கலாம்" என்றார் அண்ணாச்சியிடம்.

அண்ணாச்சி தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீரு எனக்குப் புதுக் காலு மாட்டி விட்டீரு" என்றார்.

வாசல் காவல் பேச்சு அத்தோடு நின்றது. பிலோமி எனக்கு ஒரு பை நிறைய மிளகாய் அனுப்பினார்.

சுத்தியலுக்கும் சீவலுக்கும் பதிலாகத் துப்பாக்கி என்று ஆணை வந்தது. தட்டுவதற்குப் பதிலாக எது என்று ஆணையில் இல்லை. பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு மாற்றும் இல்லை. ஆரம்பத்தில் அண்ணாச்சி சந்தேகமான மரங்களுக்கு மட்டும் இறங்கிப் போய்த் தட்டிவிட்டு வந்தார். சோம்ராவும் வழக்கம்போல் "டோக்கா?" என்று கேட்டான். அண்ணாச்சி தட்டியிருந்தால் "டோக்கா" என்பார், இல்லையென்றால் "ஹோலி!" என்பார். இருவரும் சிரிப்பார்கள். சோம்ரா தானே ஒரு தடவை கோடாரியால் தட்டிவிட்டு ஏறுவான். அவன் காது அண்ணாச்சியின் காது அல்ல. இதை நானே பாதையில் நின்று பார்த்திருக்கிறேன்.

போகப் போக மஞ்சள் மரங்கள் பெருகின. வெட்டுகிறவர்களுக்கு மூச்சு விட நேரமில்லை. சோம்ரா கேட்பது குறைந்தது, பிறகு நின்றது. மஞ்சள் இருந்தால் சவரி பார்த்த மரம். சவரி பார்த்தால் நல்ல மரம். அவன் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

மரம் விழுந்தபோது நான் அங்கே இல்லை. சோம்ராவோடு ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தவன் சொன்னது இது. ரம்பம் பாதிக்கு மேல் போனதும் தூளின் நிறம் கறுத்தது. சோம்ரா உடனே "கூத்!" என்று கத்தினான். குதி என்று பொருள். மற்றவன் குதித்தான். சோம்ரா ரம்பத்தை உருவிவிட்டுக் குதிக்க நினைத்து ஒரு கணம் நின்றான். மரம் முறுகி, அடிப்பாகம் எகிறிப் பரணின் மேல் உட்கார்ந்தது.

ஆட்கள் அவனைப் பலகையில் வைத்து எங்கள் பணிமனை வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். அது நான் பார்த்தது. அவன் வலது கால் முழங்காலுக்குக் கீழே துணிச்சுருள் போலக் கிடந்தது. அண்ணாச்சி பலகையின் ஒரு மூலையைத் தோளில் தாங்கி, நொண்டிக்கொண்டே படகு வரை போனார். போர்ட் பிளேரில் சோம்ராவின் காலை எடுத்துவிட்டார்கள்.

விசாரணை வந்தது. கேள்வி ஒன்றே ஒன்று. அந்தப் பொந்து மரத்தில் மஞ்சள் எப்படி வந்தது? பக்கத்து மரத்துக்கு வைத்த குறி, காற்று குறைந்து இதில் விழுந்திருக்கலாம். அப்படியென்றால் பழுது துப்பாக்கியுடையது, அண்ணாச்சி தப்பிப்பார். துப்பாக்கி சரியாக இருந்தால், அந்த மரத்தைத்தான் அவர் வெட்டச் சொன்னார் என்று ஆகும். வேலை போகும்.

துப்பாக்கியைச் சோதிக்கும் பொறுப்பு எனக்கு. கேஜைப் பொருத்தினேன். சும்மா வைத்துப் பார்த்தேன், வரிசையாகச் சுட்டுப் பார்த்தேன். ஃபில்டரைக் கழற்றினேன். சுத்தமாக இருந்தது. உருளையைக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு வரவில்லை. அன்று அதில் ஏதாவது ஒரு கோளாறு இருக்காதா என்று தேடினேன். ஒரு மெக்கானிக் தன் வேலையில் பழுது தேடி ஏங்கியது எனக்குத் தெரிந்து அந்த ஒரு நாள்தான்.

தத்தா வந்தார். முதல் முறையாகப் பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே வந்தார். அண்ணாச்சி வாசலில் நின்றிருந்தார்.

"அன்றைக்கு மழை" என்றார் தத்தா, என்னைப் பார்க்காமல். "ஹவா கம் ஹோ கயா ஹோகா."

காற்று குறைந்திருக்கும். கேள்வி கேட்கும் மனிதர் அன்று பதிலைத் தானே கொண்டுவந்திருந்தார். என் வாயிலிருந்து ஒரு 'ஆமாம்' போதும் என்பது எங்கள் மூவருக்கும் தெரிந்தது.

முள்ளை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். "நிற்கிறது சார்" என்றேன்.

"ஆகே?" என்றார். அந்தச் சொல்லை அவர் அவ்வளவு மெதுவாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

தட்டுவதைப் பற்றிச் சொன்னேன். அது எந்த விதியிலும் இல்லை, துப்பாக்கி ஆணையிலும் இல்லை, அதை விட்டது நாம் எல்லோரும்தான் சார் என்றேன். அவர் தலையாட்டினார். அதை எழுதுகிறேன் என்றார். ஆனாலும் மேலே உள்ளவர்களுக்குப் பழி போட ஓர் ஆள் வேண்டும், அது ஒரு துப்பாக்கியாகவும் இருக்கலாம் என்றார். மறுபடியும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அப்போது வாசலிலிருந்து அண்ணாச்சி சொன்னார்: "கன் டீக் ஹை, சாப். மைனே நஹி டோக்கா."

துப்பாக்கி சரிதான் ஐயா. நான்தான் தட்டவில்லை.

தத்தா திரும்பிப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

"என்ன அண்ணாச்சி இது? அவரே வழி விடுதாரு. வாய வெச்சுக்கிட்டு சும்மா நின்னா என்ன?"

"நின்னா?" என்றார். "துப்பாக்கிதான் குத்தம்னு எழுதுவாவ. நீரு இன்னொரு சீட்டு கடைஞ்சு போடுவீரு. நல்லாவே கடைவீரு. நாளைக்கு வேற ஒருத்தன் ரோட்டுல நின்னு சுடுவான். பொறவு?"

நான் கேஜைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"அந்த மரத்தப் பாத்தப்பவே ஒரு நெனப்பு வந்துச்சு, தம்பி. எறங்குவமான்னு. முட்டி வேண்டாம்னுச்சு. துப்பாக்கியும் கையில நல்லா இருந்துச்சு."

அவருக்கு வேலை போயிற்று. மரக்கிடங்கின் வாசல் காவல், ஒற்றைக் காலோடு திரும்பிய சோம்ராவுக்குக் கிடைத்தது. அதைத் தத்தா அலைந்து வாங்கிக் கொடுத்தார். துப்பாக்கி ஸ்டோருக்குப் போனது. மரத்தைத் தட்டிப் பார்த்த பிறகே முத்திரை என்பது அதன்பின் ஆணையில் சேர்ந்தது. அதுவரை விதியில் இல்லாததால் மறந்துபோன ஒன்று, அண்ணாச்சி போனதால் விதியானது.

கப்பல் வந்த அன்று ஹட் பேக்குப் போனேன். அலை அதிகம். பிலோமி பித்தளைப் பானையை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டு படகில் ஏறினார். என்னிடம் பேசவில்லை. செடிகளைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்ததாக அண்ணாச்சி சொன்னார். ஏற முடியாமல் அவர் முழங்கால் தடுமாறியது. கை கொடுத்தேன்.

"கம்ப்ரஸர் தண்ணிய வடிச்சு விடும், மறந்துராதேயும்" என்றார். அதுதான் கடைசியாக அவர் என்னிடம் பேசியது. தூத்துக்குடியில் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பார்க்கவில்லை.

சோம்ராவை மட்டும் பல ஆண்டுகள் கழித்துக் கிடங்கு வாசலில் பார்த்தேன். நாற்காலியோரம் ஊன்றுகோல். என்னைக் கண்டதும் சிரித்தான்.

"அந்த ஹோலி எங்கே?"

"ஸ்டோரில் இருக்கிறது."

"சல்தா ஹை?"

ஓடுகிறதா என்று கேட்டான். ஓடும் என்றேன்.

"நல்லாத்தான் செஞ்சிருந்தே" என்றான் இந்தியில். அதில் குத்தல் இருக்கிறதா என்று அவன் முகத்தில் தேடினேன். இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ராவின் துப்பாக்கியில் சீட்டைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. இப்போது அது கடையிலேயே கிடைக்கிறது. ஃபில்டரைக் கழுவினேன். பழைய கேஜைத் தேடி எடுத்துப் பொருத்தினேன். ராவ் என் தோள் வழியாக எட்டிப் பார்த்து, "அட, ஆடவே இல்லியே அங்கிள்!" என்று கை தட்டினார்.

முள் கோட்டிலேயே நின்றது. முன்பு ஒருமுறை அது அப்படி நின்றபோது நானும் கை தட்டியிருப்பேன். கையைத் தத்தா பிடித்திருந்ததால் தட்டவில்லை.